எடை பார்த்து வாங்கிய டர்ன்டேபிள்

என் முதல் டர்ன்டேபிளை நான் எடை பார்த்து வாங்கினேன்.

சிரிக்காதீர்கள். பழைய ரிக்கார்டுத் தட்டுகளை வீட்டிலேயே கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிற இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, எந்த மிஷின் வாங்கலாம்?" கேட்கும்போதே பாதிப் பேர் வாங்கி முடித்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது என் யோசனை அல்ல, ஆசீர்வாதம். நானும் ஆசீர்வதித்து அனுப்பிவிடுவேன். ஆனால் தொழிலை விட்டுவிட்டு, காதில் மிஷின் மாட்டிக்கொண்டு, மனைவி சொல்வதில் பாதியைக் கேட்காதது போல் உட்கார்ந்திருக்கும் இந்தக் காலத்தில் ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்யலாமென்று இதை எழுதுகிறேன். மிஷின் தேர்ந்தெடுப்பதில் ஒரு மனிதன் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றை நான் செய்து முடித்துவிட்டேன். உங்களுக்கு அதிகம் மிச்சம் இல்லை. வேறு ஏதாவது புதிதாகக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் இருக்கும். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து விருப்ப ஓய்வில் வெளியே வந்திருந்தேன். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. திருவொற்றியூரில் சொந்த வீடு, கொஞ்சம் கைக்காசு, மகன் வாங்கிப் போட்டுவிட்டுப் போன ஒரு கம்ப்யூட்டர். தெருவுக்கு நாலு வீட்டில் பழைய தட்டுகள் பரண்மேல் கிடந்தன. போட்டுக் கேட்கத்தான் பெட்டி இல்லை. சிடி போட்டுத் தருகிறேன் என்று அட்டையில் எழுதி வாசலில் மாட்டினேன். அப்புறம்தான் டர்ன்டேபிள் என்று ஒன்று வேண்டுமே என்று ஞாபகம் வந்தது.

ராயபுரத்தில் துறைமுக மதிலை ஒட்டிய சந்தில் ஒரு கப்பல் சாமான் கடை இருந்தது. கப்பல்களிலிருந்து கழித்துப் போட்ட நாற்காலி, சுவர்க்கடிகாரம், ரொட்டி வாட்டும் அடுப்பு, ஒரு முறை முழு நீள சவரக் கண்ணாடி என்று எல்லாம் கிடக்கும். அங்கேதான் அதைப் பார்த்தேன். அமெரிக்க டர்ன்டேபிள். தேக்கு நிறப் பெட்டி, வெள்ளித் தாம்பாளம் போல் மின்னும் தட்டு, முப்பத்துமூன்று, நாற்பத்தைந்து, எழுபத்தெட்டு என்று மூன்று வேகத்துக்கும் குமிழ். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பேச்சை வீணாக்காத வியாபாரி. தூக்கிப் பாருங்கள் அண்ணாச்சி என்றார், அவ்வளவுதான். தூக்கினேன். இருபத்திரண்டு கிலோ. இடுப்பில் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். இருபது வருடம் இரும்போடு புழங்கிய ஸ்டோர் கீப்பர் நான். கனமான பொருள் பொய் சொல்லாது என்பது என் மதம்.

ஓட்டிக் காட்டச் சொன்னேனா? இல்லை. பின்பக்கம் தகரத்தில் அடித்திருந்த விவரம் படித்தேனா? படித்தேன். அதுதான் வெட்கக்கேடு. 115 என்று இருந்தது. அது வோல்ட் என்று புரிந்து, நம் ஊர்க் கரண்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மரும் சேர்த்து வாங்கினேன். பக்கத்தில் 60 என்று இருந்தது. அறுபது வாட் பல்பு மாதிரி இதுவும் அறுபது வாட் போல என்று நினைத்து, செலவு கம்மிதான் என்று சந்தோஷப்பட்டேன்.

மற்ற விஷயங்களில் நான் எவ்வளவு ஜாக்கிரதை என்று சொன்னால் உங்களுக்கு மரியாதையே வந்துவிடும். எழுபத்தெட்டுக்குத் தடித்த ஊசி, எல்பிக்கு மெல்லிய ஊசி, தனித்தனி டப்பா. கம்ப்யூட்டருக்கு நல்ல சவுண்டு கார்டு. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போனால் எங்கள் வீட்டுச் சமையலறைத் தட்டெல்லாம் பேசும். அதற்காக டர்ன்டேபிளுக்கு அடியில் ஒரு கடப்பைக் கல், கல்லுக்கு அடியில் சைக்கிள் டியூப். லாரிகள் துறைமுகத்துக்குள் போக முடியாமல் மணிக்கணக்கில் நின்றால் ஊரே சபிக்கும். நான் மட்டும் வாசலுக்கு ஓடி வந்து பார்த்து, வண்டி ஒன்றும் நகரவில்லை என்று குதித்துக்கொண்டு உள்ளே போய் ஊசியை வைப்பேன். வடசென்னையில் டிராபிக் ஜாமுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இப்படி ஆறு மாதம். வந்ததெல்லாம் பாராட்டு. நாதஸ்வரத் தட்டு கொண்டுவந்தவர் சிடியைக் கண்மூடிக் கேட்டுவிட்டு, அந்தக் காலத்து நிதானமே தனி என்றார். குழந்தைப் பாட்டுத் தட்டு கொண்டுவந்த டீச்சர், பாடுகிறவர்கள் மீசை முளைத்த பையன்கள் மாதிரி இருக்கிறதே என்று இழுத்தார். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு அதிகம் டீச்சர் என்றேன். நம்பிவிட்டார். ராயபுரத்தில் சர்ச் பாடகர் குழு நடத்திய ஒருவர் மட்டும், எல்லாக் குரலும் கொஞ்சம் இறங்கிக் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று மென்மையாகச் சொன்னார். அவரை உட்காரவைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். கேசட்டாகக் கேட்டு உங்கள் காது மெலிந்துபோயிருக்கிறது, கனமான மிஷினில் கனமான சத்தம்தான் வரும் என்றேன். பாவம், நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குறை சொல்ல வருகிற வாடிக்கையாளர்தான் இந்தத் தொழிலில் நமக்குச் சும்மா கிடைக்கிற ஒரே அளவுகோல். அவருக்குப் பாடம் எடுக்காதீர்கள். எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மிச்சக் கதை.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஏழுமலையும் அவர் மனைவி தேவகியம்மாவும் இருந்தார்கள். தேவகியம்மா காலை ஆறு மணிக்கு அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டே பாடுவார். பம்பின் கிறீச்சுதான் தாளம். ஒவ்வொரு வரி முடியும்போதும் குரலை ஒரு சுழி சுழித்து மேலே விடுவார். எங்கள் தெருவில் அலாரம் வைக்கிற வழக்கமே கிடையாது. வீட்டில் சண்டை வந்தால், என்ன சண்டையாக இருந்தாலும், கடைசியில் ஓர் இடத்துக்கு வந்து நிற்பார்: நான் ரிக்கார்டில் பாடினவள். பதினேழு வயதில் வியாசர்பாடியில் ஒரு நாடகக் குழுவில் இருந்தாராம். அந்தக் குழுவின் ஒரு படகுப் பாட்டைத் தட்டாகப் போட்டார்களாம். அதில் பாடினது இவராம். ஏழுமலை முப்பத்தைந்து வருடமாக அதை நம்பவில்லை. தட்டு எங்கே என்று கேட்பார். தட்டு இல்லை. அதோடு சண்டை முடியும்.

ஒரு நாள் தட்டு வந்துவிட்டது. புளியந்தோப்பில் அந்தக் குழுவின் ஆர்மோனியக்காரர் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்ததாக அவர் மகள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். தேவகியம்மா அதை டவலில் சுற்றி, பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே ஏழுமலை. எழுபத்தெட்டு வேகத் தட்டு. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மயிரிழை போல ஒரு விரிசல். லேபிளில் நாடகக் குழுவின் பெயர் போட்டு, பாடியவர் இடத்தில் 'குழுவினர்' என்று மட்டும் இருந்தது.

"குழுவினர்னா யாரு, நீயா?" என்றார் ஏழுமலை.

"பாடுனது நாந்தான். மத்தவங்க பின்னால ஜால்ரா."

"நீ ஜால்ரா போட்டிருப்ப. அதான் இன்னி வரைக்கும் தட்டிக்கினே கீற."

தேவகியம்மா என் பக்கம் திரும்பி, இப்போது இதைப் போடக்கூடாது என்றார். எனக்கு ஆச்சரியம். தானே முப்பத்தைந்து வருடமாகக் கேட்காத பாட்டு. கேட்க ஆசை இல்லையா என்றேன். "வூட்ல தனியா கேட்டா, நாளைக்கே நான் கேக்கலன்னுவாரு" என்றார். அடுத்த வாரம் ஏழுமலைக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபத்தில், மைக்கில், எல்லார் முன்னாலும் ஒரே தடவை போட வேண்டும். அதுவரை நான்கூடக் கேட்கக்கூடாது. பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"அது நான் இல்லன்னா, இனிமே பம்பாண்ட கூட வாயத் தொறந்து ஒரு வரி பாட மாட்டேன். நான்தான்னா, நீ ஒண்ணு சொல்லணும்."

"இன்னா சொல்லணும்?"

"என் பொண்டாட்டி பொய் சொல்லலன்னு."

ஏழுமலை சிரித்துக்கொண்டே சரி என்றார். பந்தயம் என்னவோ அவர்கள் இரண்டு பேருக்குள். ஆனால் தோற்றால் வாயை மூடப்போவது அந்த அம்மா. மூடவைக்கப்போவது என் ஊசி.

விரிசல் விட்ட தட்டை எத்தனை தடவை ஓட்டலாம் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஊசியில் பத்துத் தடவை தாங்கலாம், இரண்டாவது தடவையிலேயே இரண்டாகவும் போகலாம். அதனால் கேட்காமல் வைத்திருந்தது நல்ல முடிவுதான். கெட்ட முடிவு என்னவென்றால், என் இருபத்திரண்டு கிலோ அழகியை மண்டபத்துக்கே கொண்டுபோய் மேடையில் வைத்து ஓட்டுவேன் என்றது. ஊர் பார்க்க வேண்டுமே. மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றை அமர்த்தி, டர்ன்டேபிள், டிரான்ஸ்பார்மர், கடப்பைக் கல், சைக்கிள் டியூப் எல்லாம் ஏற்றி, மேலே பெட்ஷீட் போர்த்தி, பின்னாலேயே நான் நடந்து போனேன். வழியில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

காலை பத்தரைக்கு இரண்டாவது தாலி கட்டி முடிந்தது. தேவகியம்மா பட்டுப் புடவையும் மாலையுமாக மேடையில் நாற்காலியில் உட்கார்ந்தார். மைக் செட்காரர் என் மிஷினிலிருந்து அவருடைய ஆம்ப்ளிபயருக்கு ஒயர் கொடுத்தார். நான் வெள்ளைக் கையுறை போட்டிருந்தேன். ஆமாம், கையுறை. தட்டைத் துடைத்து, ஊசியை இறக்கி, இரண்டடி பின்னால் நகர்ந்து கைகட்டி நின்றேன்.

முதலில் ஆர்மோனியம். சேற்றிலிருந்து எழுந்திருக்கும் எருமை போல மெதுவாக வந்தது. சுற்றுக்கு ஒரு தரம் விரிசல் டொக், டொக் என்றது. பிறகு குரல். படகுக்காரனே, அக்கரைக்குக் கூட்டிப் போ என்று ஒரு வாட்டசாட்டமான ஆண் கேட்டான்.

ஏழுமலை மைக்கை எடுத்தார். "யாரு தேவகி அது, ஒங்க அண்ணனா?"

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. நான் ஊசியைத் தூக்கிவிட்டேன். தேவகியம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "இது நான் இல்ல" என்றார் மெதுவாக. கேட்டுக்கொண்டீர்களா, அவளே சொல்லிவிட்டாள் என்று ஏழுமலை கையை விரித்தார். எல்லார் பார்வையும் என்மேல்.

இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறக்கக்கூடாது. நான் திறந்தேன். பழைய தட்டும்மா, நாள்பட நாள்பட உள்ளே இருக்கிற குரல் தடித்துப் போகும் என்றேன்.

தேவகியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ள கீறது கொரலா, ஊறுகாவா?"

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மட்டமான பொய் அதுதான். மிஷின் மேல் சந்தேகம் வரவே இல்லை, பாருங்கள். தட்டு பொய், அந்த அம்மா பொய், காலம் பொய். என் இருபத்திரண்டு கிலோ மட்டும் சத்தியம்.

அப்போது பந்தி இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று எரிச்சலில் ஒருவர் மேடைக்கு ஏறி வந்தார். ஏழுமலையின் தோஸ்து. பல வருடம் கப்பல் இன்ஜின் ரூமில் கரண்டு வேலை பார்த்தவர். எல்லாரும் அவரை மாமு என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர் செய்ததற்கு ஜெனரேட்டர்காரர் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். அவர் நேரே என் மிஷினின் பின்பக்கம் போய், குனிந்து, வேட்டி நுனியால் தகரத்தைத் துடைத்துப் படித்தார். எங்கே வாங்கினாய் என்றார். சொன்னேன். இந்த அறுபது என்னவென்று தெரியுமா என்றார். வாட் என்றேன்.

மாமு என் தோளில் கைபோட்டார். "நம்ம ஊரு கரண்டு ஒரு செகண்டுக்கு அம்பது வாட்டி துடிக்கும். அவன் ஊர்ல அறுவது. இந்த மோட்டாரு அந்தத் துடிப்பப் பாத்துதான் சுத்தும். ஆறு அடி வெக்க வேண்டிய எடத்துல இங்க அஞ்சு அடிதான் வெக்கிது. பொம்பள ஆம்பள ஆவாம இன்னா ஆவும்?"

ஆறு மாதம். நாதஸ்வரம், டீச்சரின் பிள்ளைகள், அந்தச் சர்ச் பாடகர்கள் எல்லாரும் என் கண்முன்னால் வரிசையாக, மிக மெதுவாக, நடந்து போனார்கள். பிற்பாடு ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், கம்ப்யூட்டரில் வேகத்தைச் சரி செய்த புது சிடி கொடுத்தேன். சர்ச்காரர் பழையதையும் புதியதையும் கேட்டுவிட்டு எனக்குக் காபி கொடுத்தார். அந்தக் காபியைக் குடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாதஸ்வரத் தட்டுக்காரர் மட்டும் புதியதை வாங்க மறுத்துவிட்டார். பழையதில்தான் கம்பீரம் இருக்கிறதாம்.

ஆக, மிஷின் வாங்கப் போகிறவர்களுக்கு: தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி ஓடவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். முப்பத்துமூன்று வரவேண்டிய இடத்தில் இருபத்தெட்டு வந்தால், கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். இதற்குக் காசு வேண்டாம், படிப்பு வேண்டாம், இடுப்பும் வேண்டாம்.

மண்டபத்துக்கு வருவோம். காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கூட்டம் அதை நம்பவில்லை. ஏழுமலை சிரித்தார்: தட்டு சரியில்லை என்றால் மிஷினைச் சொல்வது, மிஷின் சரியில்லை என்றால் கரண்டைச் சொல்வது. எனக்கு வேலை தெரியும், வீட்டுக்குக் கொண்டுபோய் மோட்டார் தண்டில் டேப் சுற்றித் தடிமனாக்கினால் வேகம் கூடும், ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். நல்ல யோசனை. பத்திரமான யோசனை. இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தேவகியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இவங்கள்லாம் துன்னுட்டு இப்ப படி எறங்கிட்டா, நான் சாவுற வரைக்கும் அது ஆம்பள கொரலுதான்" என்றார். "இன்னிக்கே போடு."

தட்டு உடைந்தால் என்றேன். உடையட்டும் என்றார். யோசித்துச் சொல்லுங்கள், வேறு பிரதி கிடையாது என்றேன். முப்பத்தைந்து வருடமாக யோசித்தாயிற்று என்றார். தொழிலில் இருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: தட்டைக் காப்பாற்றுவது நம் வேலை. ஆனால் தட்டு நம்முடையது இல்லை. நான் எச்சரிக்கலாம், ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லலாம், அதற்குமேல் கையுறையைக் கழற்றிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

மாமு மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கொல்லையில், கரண்ட் போனால் இருக்கட்டும் என்று வாடகைக்கு எடுத்த டீசல் ஜெனரேட்டர் நின்றது. அவர் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. அந்தப் புன்னகையைப் பார்த்ததும் மைக் செட்காரர் தன் ஆம்ப்ளிபயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஜெனரேட்டர் இன்ஜின் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அதற்கேற்ப அதன் கரண்டும் துடிக்கும். அதன் ஸ்க்ரூவைத் திருகி இன்ஜினை விரட்டினால் ஐம்பது அறுபதாகும். என் அமெரிக்க மிஷினுக்காக மண்டபத்தையே அமெரிக்காவாக்கிவிடலாம். கப்பல்காரனுக்குத்தான் இப்படி யோசனை வரும். மிஷினுக்கு ஏற்ற கரண்டு இல்லை என்றால் நாம் மிஷினை மாற்றுவோம். அவர்கள் கரண்டை மாற்றுவார்கள். வோல்ட்டும் எகிறும் என்பதால் விளக்கு, பேன் எல்லாம் அணைக்கச் சொன்னார் மாமு. ஆம்ப்ளிபயரைக் கார் பேட்டரியில் மாட்டச் சொன்னார். ஒரே பாட்டு, மூணு நிமிஷம், தாங்கும் என்றார். தாங்காவிட்டால் என்று நான் கேட்கவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது.

ஒரு சிக்கல் இருந்தது. ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்பவருக்குப் பாட்டு கேட்காது. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று மேடையிலிருந்து கத்தினாலும் கேட்காது. பக்கவாட்டுக் கதவில் ஒருவர் நின்று, உள்ளே பாட்டைக் கேட்டு, வெளியே மாமுவுக்குக் கை காட்ட வேண்டும். நான் போகிறேன் என்றேன். மாமு என்னை ஒரு பொருளாகவே மதிக்கவில்லை.

"ஏழுமல, நீ வந்து நில்லு. வேற எவன் கைய நம்பியும் நான் திருப்ப மாட்டேன்."

ஏழுமலை துறைமுகத்தில் செய்த வேலையே அதுதான். கப்பல் தளத்தின் விளிம்பில் நின்று, கீழே அறைக்குள் இருக்கிற சுமையைப் பார்த்து, சுமையே கண்ணுக்குத் தெரியாத, பளுதூக்கி ஓட்டும் விஞ்ச்காரனுக்கு ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையாலேயே சொல்கிற வேலை. சுமைக்கு அடியில் ஆட்கள் நிற்பார்கள். ஒரு தடவை கை தப்பினால் அவ்வளவுதான். முப்பது வருடத்தில் அவர் கை தப்பியதே இல்லை என்று துறைமுகத்தில் சொல்வார்கள்.

"எனக்கு எதிரா நானே கை காட்டணுமா?" என்றார் ஏழுமலை.

"ஏன், பயமா கீதா?" என்றார் தேவகியம்மா.

அவர் மாலையைக் கழற்றி நாற்காலிமேல் வைத்துவிட்டுக் கதவருகே போய் நின்றார்.

தேவகியம்மா மைக்கை வாங்கிக்கொண்டார். எந்த வேகம் சரி என்று தெரிய நான் கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தடுத்தார். "நீ ஊசிய வெச்சிட்டு ஒதுங்கு. நான் பாடறேன். தட்டு எங்கிட்ட வந்து சேரட்டும்."

வெளியே ஜெனரேட்டர் இருமியது, பிறகு உறுமியது. ஊசியை இறக்கினேன். எருமை எழுந்தது. தேவகியம்மா, பதினேழு வயதில் பாடிய அதே உச்சத்தில், பாட ஆரம்பித்தார். ஐம்பது தாண்டிய தொண்டைக்கு அது எட்டாத உயரம். நரம்பு புடைத்தது. குரல் இரண்டு இடத்தில் பிசிறியது, ஆனால் கீழே இறங்கவில்லை. அந்தப் பக்கம் தட்டில் அந்த ஆண் வாட்டசாட்டமாகப் பாடிக்கொண்டிருந்தான். இரண்டும் வேறு வேறு ஊர் போல இருந்தன. யாரோ சிரித்தார்கள்.

ஏழுமலையின் வலது கை உயர்ந்தது. சுட்டுவிரல் மேலே பார்த்து வட்டம் போட்டது. ஏற்று.

ஜெனரேட்டரின் உறுமல் கூடியது. ஆண் இளைஞனானான். டொக் டொக் என்ற விரிசல் சத்தம் ஓட ஆரம்பித்தது. விரல் இன்னும் வட்டம் போட்டது. இளைஞன் மீசை அரும்பாத பையனானான். பந்திக் கூடத்தில் யாரோ அணைக்க மறந்த சுவர் பேன்கள் ஊளையிட்டன. விரித்து வைத்த இலைகள் எழுந்தன, அப்பளங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் பறந்தன. சமையல்காரர் ஒருவர் கையில் கரண்டியோடு அப்பளம் பிடிக்க ஓடினார். என் டிரான்ஸ்பார்மரிலிருந்து சூடான வார்னிஷ் வாசனை வந்தது. நான் அதன்மேல் பேப்பர் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உபயோகமான காரியம். பையன் பெண்ணானான். பெண் சிறுமியானாள். சிறுமி அணில் மாதிரி கீச்சிட ஆரம்பித்தபோது ஏழுமலை கையைத் தட்டையாக்கிக் கீழ்ப்பக்கம் அசைத்தார். கொஞ்சம் இறக்கு.

அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயே, கொஞ்சம் முன்னாலோ கொஞ்சம் பின்னாலோ நிறுத்தியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். யாருக்கும் தெரிந்திருக்காது. கையைக் கால் அங்குலம் தப்பவிட்டால் போதும். அவர் மேடையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, சுமையின் ஆட்டத்தைக் காதால் பார்ப்பவர் போல நின்றார். விரல்கள் மட்டும் மெதுவாக, மெதுவாகக் கீழே வந்தன.

இரண்டாவது சரணத்தின் முதல் வரியில் இரண்டு குரலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அடுத்த வரியில் உரசின. மூன்றாவது வரியில் மைக்கில் எது, தட்டில் எது என்று தெரியவில்லை. வரி முடியும் இடத்தில் தேவகியம்மா குரலை ஒரு சுழி சுழித்து மேலே விட்டார். தட்டும் அதே இடத்தில் அதே சுழியைச் சுழித்து மேலே விட்டது. காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவே கேட்டு எழுந்திருக்கிற சுழி. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, அய்யோ நம்ம பம்பு என்றாள்.

ஏழுமலை கையை மூடினார். நிறுத்து. அங்கேயே.

அடுத்த வாரம் அந்தத் தட்டை வீட்டில் பிரதி எடுத்தேன். மோட்டாருக்கு டேப் சுற்றி, நிமிடத்துக்கு எழுபத்தெட்டு என்று மூன்று முறை எண்ணிய பிறகு. மிக நல்ல பிரதி. ஆனால் அதில் இது எதுவும் இல்லை.

மண்டபத்தில் பாட்டு முடிந்தது. ஊசி நடு வளையத்தில் டொக் டொக் என்று சுற்றியது. தட்டு பிழைத்துவிட்டது. கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. ஏழுமலை மட்டும் கதவருகே மூடிய கையை உயர்த்தியபடி அப்படியே நின்றார். அவர் கையை இறக்கினால்தான் மாமு இன்ஜினை இறக்குவார். அதனால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருந்தது, அப்பளங்கள் பறந்துகொண்டே இருந்தன.

தேவகியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"யோவ், கைய எறக்கு. வாயத் தொற."

ஏழுமலை கையை இறக்காமலேயே திரும்பி அவரைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஏதோ சொன்னார். உறுமலில் ஒரு சொல்கூட யாருக்கும் கேட்கவில்லை. மைக்குல சொல்லு, மைக்குல சொல்லு என்று தெருவே எழுந்து நின்றது. மைக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமென்று நான் கை நீட்டினேன்.

தேவகியம்மா தரவில்லை.

"வேணாம்" என்றார். "எனக்குக் கேட்டுச்சி."